எல்லா மடைக்கும் ஒரே காவல்: ஐநெட்-டி முதல் சிஸ்டம்-டி வரை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடுல ஒரு ப்ரோகிராமோட வரலாறு. அதுக்கு ஐகான் கிடையாது, ஸ்க்ரீன் கிடையாது. உங்கள்ல நிறைய பேர் அதோட பேரைக்கூட கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பேரு ஐநெட்-டி. யூனிக்ஸ் மெஷின்ல வெளியில இருந்து யார் வந்து கதவைத் தட்டினாலும், முதல்ல எழுந்து பார்க்கிற ஆள் அதுதான். தட்டினவங்க என்ன கேட்கிறாங்கன்னு பார்த்து, அதுக்கு உரிய ப்ரோகிராமை எழுப்பிவிடும்.

"பழைய யூனிக்ஸ் கதை எங்களுக்கு எதுக்கு?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. நீங்க ஓஎம்ஆர்லயோ போரூர்லயோ ஒரு கம்பெனியில கிளவுட் சர்வர் பார்க்கிறவங்களா இருந்தா, இந்தக் கதையோட கடைசி அத்தியாயம் உங்க மெஷின்லதான் ஓடிட்டிருக்கு. ஐடி வேலையே இல்லைன்னாலும், உங்க தெருக் கடையில மாட்டியிருக்கிற சிசிடிவி கேமராவரைக்கும் இந்தக் கதை வரும்.

பூதங்களுக்கு இடம் போதல

1980களோட தொடக்கத்துக்குப் போவோம். பல்கலைக்கழகங்கள்ல வாக்ஸ்னு ஒரு கம்ப்யூட்டர். நாலு எம்பி, எட்டு எம்பி ரேம். அதுல ஒரே நேரத்துல பல பேர் உட்கார்ந்து வேலை பார்ப்பாங்க. இன்னிக்கு உங்க போன்ல எடுக்கிற ஒரு போட்டோவே அந்த ரேம்ல பாதியை முழுங்கிடும்.

அந்த மெஷின்ல நெட்வொர்க் சேவைகள் வர ஆரம்பிச்சது. ஃபைல் அனுப்ப எஃப்டிபி, தூரத்துல இருந்து லாகின் பண்ண டெல்நெட், "அந்த மெஷின்ல இப்ப யார் இருக்கா?"ன்னு பார்க்க ஃபிங்கர். ஒவ்வொரு சேவைக்கும் பின்னணியில ஒரு ப்ரோகிராம் எப்பவும் முழிச்சிட்டு காத்திருக்கணும். இப்படிக் காத்திருக்கிற ப்ரோகிராமுக்கு டீமன்னு பேரு. 1963 வாக்குல எம்ஐடியோட ப்ராஜெக்ட் மேக் ஆளுங்க வச்ச பேரு அது. இயற்பியல்ல வர்ற மேக்ஸ்வெல்லோட பூதத்தை மனசுல வச்சு வச்சாங்க. நம்மளுக்கு இது புதுசு இல்ல. சிலப்பதிகாரத்துல புகார் நகரத்தோட நாற்சந்தியில காவல் இருக்கிற சதுக்கப்பூதம் வருது இல்லையா, அந்த மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, ஆனா வேலை நடக்கும்.

பிரச்சனை என்னன்னா, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை யாராவது கூப்பிடுற ஒரு சேவைக்காக, ஒரு பூதம் 24 மணி நேரமும் மெமரியில இடத்தை அடைச்சு உட்கார்ந்திருக்கும். பத்துச் சேவை இருந்தா பத்துப் பூதம்.

இதுக்கு 1986ல வந்த 4.3 பிஎஸ்டி யூனிக்ஸ்ல ஒரு பதில் கிடைச்சது. அதுதான் ஐநெட்-டி. நான் குன்றத்தூர்ல இருக்கேன், பக்கத்துல செம்பரம்பாக்கம் ஏரி. ஏரிப் பாசன ஊர்கள்ல மடைக்கு ஒரு ஆளைப் போட மாட்டாங்க. நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருப்பார். எந்த வாய்க்காலுக்கு எப்ப தண்ணி விடணும்னு அவர்தான் பார்த்துத் திறப்பார், அடைப்பார். ஐநெட்-டி பண்றதும் அதேதான். எல்லா போர்ட்டையும் அது ஒண்ணே கவனிக்கும். 21ல தட்டினா எஃப்டிபி ப்ரோகிராமை எழுப்பும், 79ல தட்டினா ஃபிங்கரை எழுப்பும். வேலை முடிஞ்சதும் அந்த ப்ரோகிராம் போயிடும், மெமரியும் திரும்பக் கிடைக்கும்.

ஒரு வரி, ஏழு விஷயம்

எந்த மடையைத் திறக்கணும்னு ஐநெட்-டிக்கு எப்படித் தெரியும்? இடிசி ஃபோல்டர்ல ஐநெட்-டி டாட் கான்ஃப்னு ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். சேவைக்கு ஒரு வரி, வரியில ஏழு தகவல்.

முதல்ல சேவையோட பேரு. ரெண்டாவது, தொடர்ந்து பேசுற இணைப்பா, தனித்தனிப் பொட்டலமா. மூணாவது, டிசிபியா யுடிபியா. நாலாவது, வெயிட்டா நோவெயிட்டா. அதாவது வந்த வேலை முடியறவரைக்கும் அடுத்தவங்களைக் காக்க வைக்கணுமா, இல்ல வர்ற ஒவ்வொருத்தருக்கும் தனியா ஒரு ப்ரோகிராமை எழுப்பணுமா. அஞ்சாவது, எந்த யூசரா அது ஓடணும். ஆறாவது, ப்ரோகிராம் எங்க இருக்கு. ஏழாவது, அதுக்கு என்ன சொல்லி எழுப்பணும். ஃபைலை மாத்தினதும் ஐநெட்-டிக்கு ஹெச்யுபின்னு ஒரு சிக்னல் அனுப்பினா போதும், திரும்பப் படிச்சுக்கும்.

இதுல ஒரு அழகு இருக்கு. வந்த இணைப்பை ஐநெட்-டி அப்படியே அந்த ப்ரோகிராமோட உள்ளீடாவும் வெளியீடாவும் மாட்டிவிடும். நெட்வொர்க் பத்தி ஒண்ணுமே தெரியாத ப்ரோகிராம் கூட, கீபோர்டுல இருந்து படிச்சு ஸ்க்ரீன்ல எழுதத் தெரிஞ்சா, ஒரு நெட்வொர்க் சேவை ஆயிடும்.

இந்த ஏழுல அஞ்சாவதை, அதாவது யூசரை, ஞாபகம் வச்சுக்கோங்க. ரூட்னு போட்டா, அந்தச் சேவையில ஓட்டை கண்டுபிடிக்கிறவன் மொத்த மெஷினையும் எடுத்துக்குவான். நோபடின்னு போட்டா அந்தச் சேவையோட நிக்கும். ஒரே ஒரு வார்த்தை வித்தியாசம். அதேபோல வரியோட தொடக்கத்துல ஒரு ஹேஷ் குறி போட்டா அந்தச் சேவையே மூடிடும். எந்த வரியில ஹேஷ் இருக்கு, எதுல இல்லைங்கிறதுதான் அடுத்த பத்து வருஷத்தோட தலைவலி.

அதே 1986லதான் இந்தியாவுல எர்நெட் தொடங்குது. மத்திய அரசோட எலக்ட்ரானிக்ஸ் துறை, ஐநா வளர்ச்சித் திட்டத்தோட உதவியில ஆரம்பிச்ச கல்வி நெட்வொர்க். முதல்ல சேர்ந்தது எட்டு இடங்கள்: எலக்ட்ரானிக்ஸ் துறை, பம்பாய் என்சிஎஸ்டி, பெங்களூர் ஐஐஎஸ்சி, அப்புறம் அஞ்சு ஐஐடி. அதுல ஒண்ணு நம்ம கிண்டி ஐஐடி மெட்ராஸ். விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் தந்தது 1995 ஆகஸ்ட் 15ல. அதுக்கு முன்னாடி இருந்த ஒன்பது வருஷம் சென்னையில இணையம்னா அது இந்த மாதிரி வளாகங்களுக்குள்ள இருந்த விஷயம். ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச சின்ன உலகம். கதவைத் திறந்து வச்சிருந்தா என்ன ஆகும்னு யாரும் பெருசா கவலைப்படாத காலம்.

1988 நவம்பர் 2

அந்தக் காலம் முடிஞ்ச தேதி இது. கார்னெல் பல்கலைக்கழகத்துல படிச்சிட்டிருந்த ராபர்ட் மோரிஸ், தானா பரவுற ஒரு ப்ரோகிராமை நெட்வொர்க்ல விட்டார். அன்னிக்கு இணையத்துல இருந்தது 60,000 மெஷின் வாக்குல, அதுல 6,000 பாதிக்கப்பட்டுச்சுங்கிறது பரவலா சொல்லப்படுற கணக்கு. மெஷின்கள் வேலை செய்ய முடியாம திணறி நின்னுச்சு.

அது உள்ள நுழைஞ்ச வழிகள்ல ஒண்ணு ஃபிங்கர் சேவை. ஃபிங்கர் ப்ரோகிராம் 512 எழுத்துக்கு மட்டும் இடம் வச்சிருந்தது. வர்றது எவ்வளவு நீளம்னு அது பார்க்கவே இல்ல. இந்தப் புழு 536 அனுப்புச்சு. மிச்சம் வழிஞ்சு மெமரியோட அடுத்த பகுதியை மாத்தி, புழு சொல்ற வேலையை மெஷின் செய்ய ஆரம்பிச்சது.

ஓட்டை ஃபிங்கர்ல இருந்தது, ஐநெட்-டியில இல்ல. ஆனா வெளியில இருந்து யார் தட்டினாலும் ஃபிங்கரை எழுப்பிவிட்டது ஐநெட்-டி. எழுப்பச் சொன்னது கான்ஃப் ஃபைல். அந்த ஃபைலை எழுதினது யாரு? பெரும்பாலான இடங்கள்ல யாரும் எழுதல. மெஷினோட சேர்ந்து வந்த ஃபைல் அப்படியே இருந்தது. ஃபிங்கர் திறந்தே வந்தது, திறந்தே கிடந்தது. நான் இன்னிக்கு சொல்ல வர்ற ஒரே விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் பாதுகாப்போட வரலாறுல பாதி, புத்திசாலித்தனமான தாக்குதல்களோட வரலாறு இல்ல. டிஃபால்ட்டோட வரலாறு.

மோரிஸுக்கு மூணு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, அபராதம். பின்னாடி அவரே எம்ஐடியில பேராசிரியர் ஆனார். அவசரத்துக்கு உதவ செர்ட்னு ஒரு அமைப்பை அமெரிக்கால கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சாங்க.

காவல்காரனுக்கு ஒரு நோட்டு

1990 வாக்குல நெதர்லாந்தோட ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல ஒரு தொல்லை. யாரோ ஒருத்தன் திரும்பத் திரும்ப உள்ள நுழையறான், ரூட் அதிகாரம் எடுக்கிறான், டிஸ்க்ல இருக்கிறதை எல்லாம் அழிச்சிட்டுப் போறான். அங்க வேலை பார்த்த வீட்ஸ வெனமாவுக்கு ஒரு சந்தேகம்: தன்னை யாராவது கவனிக்கிறாங்களான்னு அவன் ஃபிங்கர் மூலமா நோட்டம் விடுறானோ? ஆனா யார் எப்ப எங்க இருந்து தட்டினாங்கன்னு எங்கயும் பதிவே இல்ல.

வெனமா பண்ணது ரொம்ப எளிமையான வேலை. அந்த வரியில ஆறாவது இடம் இருக்கு இல்லையா, ப்ரோகிராம் எங்க இருக்குன்னு சொல்ற இடம், அங்க தன்னோட ஒரு சின்ன ப்ரோகிராமைப் போட்டார். டிசிபி ராப்பர். யாராவது தட்டினா ஐநெட்-டி இதை எழுப்பும். இது யார் வந்தாங்கன்னு குறிச்சு வைக்கும், விடலாமா வேண்டாமான்னு பார்க்கும், அப்புறம்தான் உண்மையான ப்ரோகிராமுக்கு வழி விடும். எஃப்டிபியையோ ஃபிங்கரையோ ஒரு வரிகூட மாத்த வேண்டாம். அப்பார்ட்மெண்ட் கேட்ல விசிட்டர் நோட்டு வச்ச மாதிரி. ஹோஸ்ட்ஸ் டாட் அலோ, ஹோஸ்ட்ஸ் டாட் டினைன்னு இரண்டு ஃபைல் அதோட வந்ததுதான். இதே வெனமாதான் பிறகு போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரை எழுதினார்.

நோட்டு வச்சாலும் கதவு திறந்துதானே இருக்கு? 1996 பிப்ரவரியில செர்ட் ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. ஐநெட்-டிக்குள்ளயே சில சோதனைச் சேவைகள் உண்டு. எக்கோ, நீங்க சொன்னதைத் திருப்பிச் சொல்லும். சார்ஜென், கூப்பிட்டா எழுத்துகளை அனுப்பும். இரண்டும் டிஃபால்ட்டா திறந்து வரும். ஒருத்தன் பொய்யான அனுப்புநர் முகவரி போட்டு ஒரே ஒரு பொட்டலம் அனுப்பினா போதும். ஒரு மெஷினோட சார்ஜென் இன்னொரு மெஷினோட எக்கோவுக்கு அனுப்பும், எக்கோ அதைத் திருப்பி அனுப்பும், சார்ஜென் மறுபடி பதில் சொல்லும். ரெண்டும் நிறுத்தாம பேசிட்டே இருக்கும், நெட்வொர்க் அடைச்சுக்கும். ரெண்டு சேவையும் அன்னிக்கு பெரும்பாலானவங்களுக்குத் தேவையே இல்ல. ரெண்டு ஹேஷ் குறி போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

அதுக்கப்புறம் காத்து மாறுச்சு. 1995ல தொடங்கின ஓபன்பிஎஸ்டி "டிஃபால்ட்டாவே பாதுகாப்பு"ன்னு ஒரு கொள்கையையே வச்சுக்கிச்சு. 2000ல ரெட் ஹேட் 7, எக்ஸ்-ஐநெட்-டிக்கு மாறுச்சு. சேவைக்கு ஒரு தனி ஃபைல், அதுல யார் வரலாம், நொடிக்கு எத்தனை பேர் வரலாம், "டிசேபிள்" யெஸ்ஸா நோவான்னு தெளிவா எழுதணும்.

விழுந்தா யார் தூக்கிவிடுவா?

இதுவரைக்கும் பேசினது எழுப்புறதைப் பத்தி. இன்னொரு பாதி இருக்கு: எழுந்தது செத்துப்போனா?

வெப் வந்ததும் ஐநெட்-டியோட பாணி தாங்கல. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ப்ரோகிராமை எழுப்பி, உடனே அனுப்பினா ரொம்ப மெதுவா இருக்கும். அபாச்சி 1.3ல ஐநெட்-டி மூலமா ஓடுற வசதி இருந்தது, 2.0ல எடுத்துட்டாங்க. வெப் சர்வர்ங்கிறது எப்பவும் முழிச்சிருக்க வேண்டிய பூதம். அது ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்தா, யாராவது ஒருத்தர் தூக்கத்துல இருந்து எழுந்து லாகின் பண்ணித் தூக்கிவிடணும்.

க்யூமெயில் எழுதின டி. ஜே. பெர்ன்ஸ்டீன் இதுக்கு டீமன்டூல்ஸ்னு ஒரு தொகுப்பு எழுதினார். யூனிக்ஸ்ல ஒரு விதி உண்டு: பிள்ளை ப்ரோகிராம் செத்தா, தாய் ப்ரோகிராமுக்கு கெர்னல் தகவல் சொல்லும். ஆனா அன்னைக்கு பெரும்பாலான டீமன்கள் வேணும்னே தாயை விட்டுப் பிரிஞ்சு பின்னணிக்கு ஓடிடும், அதனால செத்தா யாருக்கும் தெரியாது. பெர்ன்ஸ்டீன் சொன்னது: ஓடாதே, என் கண் முன்னாடியே இரு. சூப்பர்வைஸ்னு ஒரு சின்ன ப்ரோகிராம் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கும். பிள்ளை விழுந்தா உடனே திரும்ப எழுப்பும்.

ஆனா தூக்கிவிடுறதுக்கும் ஒரு அளவு வேணும். பழைய ஐநெட்-டியில ஒரு விதி: ஒரு சேவையை ஒரு நிமிஷத்துக்குள்ள 40 தடவைக்கு மேல எழுப்ப வேண்டி வந்தா, ஏதோ கோளாறுன்னு முடிவு பண்ணி பத்து நிமிஷம் மூடிடும். நல்ல யோசனைதான். ஆனா வெளியில இருந்து ஒருத்தன் வேணும்னே 40 தடவை தட்டினா, உங்க சேவையை உங்க காவல்காரனே மூடிடுவான். இன்னிக்கு சிஸ்டம்-டியிலயும் இந்த மாதிரி எல்லை உண்டு: டிஃபால்ட்டா பத்து நொடியில அஞ்சு தடவைக்கு மேல எழுப்பாது. உங்க சர்வீஸ் அடிக்கடி "ஃபெயில்ட்"னு நிக்குதுன்னா, முதல்ல இதைப் பாருங்க.

பழைய யோசனை திரும்ப வருது

2005ல ஆப்பிள் டைகர் வெளியிட்டப்போ, அதுல லான்ச்-டி வந்தது. எழுப்புறது, கவனிக்கிறது, நேரம் பார்த்து ஓட்டுறது, எல்லாம் ஒரே ஆள். 2010ல லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் லினக்ஸுக்கு சிஸ்டம்-டி கொண்டு வந்தாங்க. இந்த யோசனை லான்ச்-டியில இருந்தும், அதுக்கு முன்னாடி ஐநெட்-டியில இருந்தும் வருதுன்னு பாட்டரிங் வெளிப்படையாவே எழுதினார். சாக்கெட் ஃபைல்ல "அக்செப்ட் யெஸ்"னு போட்டா அது பழைய நோவெயிட், "அக்செப்ட் நோ"ன்னா கிட்டத்தட்ட பழைய வெயிட்.

சண்டையும் வந்தது. ஒரே ப்ரோகிராம்கிட்ட இவ்வளவு பொறுப்பா? 2014 பிப்ரவரியில டெபியனோட தொழில்நுட்பக் குழுவுல எட்டு பேர் ஓட்டு போட்டாங்க, சரிபாதியா பிரிஞ்சு நின்னுச்சு. தலைவர் பிடேல் கார்பியோட ஓட்டுதான் சிஸ்டம்-டி பக்கம் சாய்ச்சது. ஏத்துக்க முடியாதவங்க டெவுவான்னு தனியா பிரிஞ்சு போனாங்க.

அந்த ஓட்டு நம்ம பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. குன்றத்தூர்ல இருந்து பல்லாவரம் வழியா குரோம்பேட்டை போனா எம்ஐடி வளாகம். அமெரிக்க எம்ஐடி இல்ல, 1949ல சி. ராஜம் தொடங்கின நம்ம எம்ஐடி. அங்க இருக்கிற ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சிடாக்கும் சேர்ந்து 2005ல என்ஆர்சிஃபாஸ்னு கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையத்தை நடத்த ஆரம்பிச்சாங்க. அந்த முயற்சியில வந்ததுதான் சிடாக்கோட பாஸ் லினக்ஸ். 2014ல விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தினப்போ, தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸுக்குப் போகச் சொன்னது. பாஸ் டெபியன் மேல கட்டினது. ஆக எங்கயோ நடந்த ஒரு ஓட்டு, நம்ம ஊர் அலுவலக மேசையில இருக்கிற மெஷின்ல எது முதல்ல எழுந்திருக்கும்னு முடிவு பண்ற நிலைமை.

இன்னிக்கு உங்க மெஷின்ல

2022 அக்டோபர்ல உபுண்டு 22.10 வந்தது. அதுல எஸ்எஸ்எச் சர்வர் எப்பவும் முழிச்சிருக்காது. சிஸ்டம்-டி 22ம் போர்ட்டைக் கவனிக்கும், யாராவது தட்டினா மட்டும் எழுப்பும். காரணம் என்ன தெரியுமா? மெமரி மிச்சம், சில எம்பி. 1986ல சொன்ன அதே காரணம். இப்ப ஒரே மெஷின்ல நூத்துக்கணக்கான கன்டெய்னர் ஓடுறதால அந்தச் சில எம்பி மறுபடி கணக்குல வந்திருக்கு.

இதுல ஒரு பொறி இருக்கு. எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைல்ல போர்ட் 2222ன்னு மாத்தி, சர்வரை ரீஸ்டார்ட் பண்றோம். 22.10ல ஒண்ணும் மாறாது, ஏன்னா கதவு எஸ்எஸ்எச் கையில இல்ல, சிஸ்டம்-டி கையில. சாக்கெட் ஃபைல்ல மாத்தணும். 24.04ல கான்ஃபிக்ல எழுதினதை அதுவே எடுத்துக்கும், ஆனா டீமன்-ரீலோட் பண்ணி, எஸ்எஸ்எச் சாக்கெட்டை ரீஸ்டார்ட் பண்ணணும். அதுக்குள்ள கிளவுட் ஃபயர்வால்ல 22ஐ மூடிட்டீங்கன்னா, உங்க வீட்டுக்கு வெளியில நீங்களே நிப்பீங்க.

2024 மார்ச்ல எக்ஸ்-இசட் சம்பவம் நடந்தது. எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகுதேன்னு துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எக்ஸ்-இசட் லைப்ரரியில ஒளிச்சு வச்ச பின்வாசலைக் கண்டுபிடிச்சார். எஸ்எஸ்எச் அந்த லைப்ரரியை நேரடியா பயன்படுத்தவே இல்ல. "நான் ரெடி"ன்னு மேற்பார்வையாளருக்கு ஒரு சின்ன மெசேஜ் அனுப்பறதுக்காக சில லினக்ஸ் விநியோகங்கள் சிஸ்டம்-டியோட லைப்ரரியைச் சேர்த்திருந்தாங்க. அதோட வால் பிடிச்சு எக்ஸ்-இசட்டும் உள்ள வந்துடுச்சு. காவல்காரனுக்குச் சேதி சொல்ற வழியே திருடனுக்கு வழி ஆயிருக்கும். அப்புறம் ஓபன்எஸ்எஸ்எச் அந்த மெசேஜை எந்த லைப்ரரியும் இல்லாம தானே அனுப்புற மாதிரி எழுதிக்கிச்சு.

சிசிடிவி பத்திச் சொல்றேன்னேன். 2016ல மிராய்னு ஒரு தாக்குதல். கேமரா, ரவுட்டர்னு உலகம் பூரா இருக்கிற சின்னக் கருவிகள்ல நுழைஞ்சு, அதையெல்லாம் ஒரு படையாக்கி, அமெரிக்கால பெரிய தளங்களையே முடக்குச்சு. உள்ள நுழைஞ்ச வழி டெல்நெட். கையில இருந்தது அறுபது சொச்சம் பேக்டரி யூசர்நேம், பாஸ்வேர்டு. கதவும் டிஃபால்ட், சாவியும் டிஃபால்ட். மோரிஸுக்கு 28 வருஷம் கழிச்சு.

நாப்பது வருஷமா ப்ரோகிராம் மாறியிருக்கு, ஃபைலோட வடிவம் மாறியிருக்கு. அந்த ஃபைலைத் திறந்து படிக்கிறவங்க மட்டும் இன்னும் கொஞ்சம் பேர்தான். யாரும் படிக்கலைன்னா, எங்கயோ ஒரு கம்பெனி வச்ச டிஃபால்ட்தான் உங்க முடிவு.

அதனால இந்த வாரம் ஒரு சின்ன வேலை. உங்ககிட்ட லினக்ஸ் மெஷின் இருந்தா, டெர்மினல்ல சூடோ போட்டு எஸ்எஸ், ஒரு ஸ்பேஸ், மைனஸ் டிஎல்என்பின்னு அடிங்க. எந்தெந்தக் கதவு திறந்திருக்கு, யார் திறந்து வச்சிருக்காங்கன்னு வரும். ஒவ்வொரு வரிக்கும் "இது எனக்குத் தேவையா?"ன்னு கேளுங்க. பதில் தெரியாத வரி வந்தா, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு மாதிரி இடங்கள்ல தமிழ்லயே கேட்கலாம். வீட்டு ரவுட்டரோட அட்மின் பாஸ்வேர்டு இன்னும் பெட்டியில ஒட்டியிருந்ததே இருக்குன்னா, அதை இன்னிக்கே மாத்திடுங்க.